எதில் பங்கு? பின்னக் கணக்கு நாட்குறிப்பு

ஜூன் 14, சனி

அக்கா மகள் இந்த வருடம் ஏழாம் வகுப்பு. கூட்டல், பெருக்கல் எல்லாம் மளமளவென்று போடுகிறாள். கோட்டுக்கு மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. இன்று 1/2 + 1/3 கொடுத்தேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, விடை 2/5 என்றாள். அவள் வகுப்பில் நிறையப் பேர் இப்படித்தான் போடுவார்களாம்.

"சரி, அரை பெருசா, அஞ்சுல ரெண்டு பெருசா?" என்று மட்டும் கேட்டேன். யோசித்தாள். "அரைதான் சித்தி." அப்புறம் அவளே விடையை அடித்துவிட்டாள். அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு அது அரையைவிடக் குறையாதே!

ஜூன் 15, ஞாயிறு

இன்று நோட்டைத் திறக்கவே இல்லை. எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே வயலை இன்னும் மா கணக்கில்தான் பேசுவார்கள். இருபது மா ஒரு வேலி. வேலி என்பது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து அவளைக் கேட்டார்: "ஒரு மா, வேலியில எத்தனை பங்கு?" இருபதில் ஒன்று என்றாள். "ஏக்கர்ல?" மூன்றில் ஒன்று. சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். "ஒரே வயல்தானே தாத்தா, எப்படி ரெண்டு விடை?"

இந்தக் கேள்வி அவள் வாயிலிருந்தே வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றில் ஒன்று என்றால் எதில் மூன்றில் ஒன்று என்று கேட்டே ஆக வேண்டும். பின்னத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். விதிகள் அப்புறம் வரட்டும்.

ஜூன் 21, சனி

கால் வேலியும் ஐந்தில் ஒரு வேலியும் சேர்ந்தால் எவ்வளவு? ஐந்து மா, நான்கு மா, மொத்தம் ஒன்பது மா. அதாவது 9/20. மனக்கணக்காகவே சொல்லிவிட்டாள். 4, 5 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 20 என்பதை அதன் பிறகுதான் எழுதிக் காட்டினேன். பகுதி, அதாவது கீழ் எண், ஒன்றாகிவிட்டால் மேலே உள்ள தொகுதிகளைக் கூட்டினால் போதும்.

போன வாரக் கணக்கையும், அந்த 1/2 + 1/3-ஐ, எடுத்தாள். இருபது மாவில் மூன்றில் ஒரு பங்கு சரியாக வரவில்லை. சற்று நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஆறு மா வயலுன்னு வச்சுக்கலாமா சித்தி?" என்றாள். அதில் பாதி மூன்று மா, மூன்றில் ஒன்று இரண்டு மா. விடை 5/6. ஆறு என்ற எண்ணை நான் சொல்லவில்லை. தனக்கு எந்த வயல் வேண்டும் என்று அவளே தேடிக்கொண்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

அப்பா பழைய கீழ்வாய் இலக்கங்களை, அதாவது ஒன்றுக்குக் குறைந்த பின்னங்களின் தமிழ்ப் பெயர்களை, சொன்னார். மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்ற வாய்பாட்டுப் புத்தகத்தை வைத்து இவற்றை மனப்பாடம் செய்வார்கள். மாவையும் காணியையும் கூட்டச் சொன்னேன். 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. மாகாணி!

எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றினால் இன்னும் அழகு. கால் என்பது 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16. ஒன்றிலும் மிச்சம் விழாது. பகுதியைச் சமமாக்கும் வேலையை முன்னோர் முதலிலேயே முடித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பின்னங்களை எழுதும் பழைய தமிழ்க் குறிகள் 2019-இல் கணினி எழுத்துகளுக்கான யூனிகோடிலும் சேர்ந்துவிட்டன. அவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 28, சனி

பெருக்கல் சுலபமாக முடிந்தது. காலில் அரை, அரைக்கால்; 1/4 × 1/2 = 1/8. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஜூலை 5, சனி

வகுத்தல். "திருப்பிப் போட்டுப் பெருக்கணும்" என்பது அவளுக்கு மனப்பாடம். ஏன் என்றுதான் தெரியாது. 3 லிட்டர் பாலில் எத்தனை அரை லிட்டர் பாக்கெட்? ஆறு. வகுத்தால் எண் பெரிதாகலாம் என்பது இங்கே புரிந்தது. அடுத்து 2/3 ÷ 3/4. பகுதியைச் சமமாக்கி 8/12 ÷ 9/12 என்று எழுதினோம். இரண்டுமே பன்னிரண்டில் பங்கு, ஆகவே எட்டை ஒன்பதால் வகுத்தால் சரி: 8/9. திருப்பிப் பெருக்கியும் பார்த்தாள். 2/3 × 4/3, அதே 8/9.

பிறகு அவளே எனக்கு ஒரு கணக்குக் கொடுத்தாள். ஒன்றே கால் மா வயலை அரை அரை மாவாகப் பிரித்தால் எத்தனை பங்கு? இரண்டரை என்றேன். "அப்போ மிச்சம் அரை மாவா?" என்று மடக்கினாள். மிச்சம் கால் மாதான்; அரை என்பது ஒரு பங்கில் அரை. பெரியவர்களே சறுக்கும் இடம் இது, அவள் தெரிந்துதான் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தசமம். காலையும் 0.25-ஐயும் ஒரே எண்கோட்டில் குறிக்கச் சொல்லித் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.