ஓஃபிர் ரோட்டில் ஆறாம் நிலை

தவக்காலம் முடிகிற வரைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிந்து நேராக சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்குப் போய்ச் சிலுவைப்பாதை, அதாவது இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் செபம், செய்வது என்று இந்த வருடம் முடிவெடுத்திருக்கிறேன். ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே பிரெஞ்சு மறைபரப்பாளர்கள் எழுப்பி 1888-ல் முடித்த கோயில் இது, லூர்து நகரப் பேராலயத்தின் சாயலில் கட்டியது. என் மாமியார் திருமணமாகி வந்த நாளிலிருந்து பூசை கண்டதும் இங்கேதான்.

அத்தைக்கு இப்போது மறதி நோய். காலையில் நான் கிளம்புவதற்குள் "மணி என்னம்மா?" என்று பத்துத் தடவையாவது கேட்பார். நாலாவது தடவையே என் குரல் ஏறிவிடும், அவர் முகம் சுருங்கிவிடும், அந்த முகத்தோடுதான் நான் லிஃப்டில் இறங்குவேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது சாமியார், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள் என்றார். புனித இஞ்ஞாசியார் காட்டிய வழி அது. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அதில் விழும் ஒவ்வொரு முறைக்கும் கோட்டில் ஒரு புள்ளி வைத்து, நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் வைக்கிறேன். முதல் நாள் ஏழு புள்ளி. அதைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது.

போன வெள்ளி கோயிலில் கூட்டமில்லாத நேரம். தனியாகவே ஒவ்வொரு நிலையாக முழங்காலிட்டு வந்தேன். ஆறாம் நிலையில், வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கிற இடத்தில், எழுந்திருக்க மனமே வரவில்லை. அந்தப் பெண் சிலுவையைத் தூக்கவில்லை, படைவீரர்களைத் தடுக்கவில்லை, ஒரு துணியை எடுத்துக்கொண்டு கிட்டே போனார், அவ்வளவுதான். அப்புறம் ஏழாம் நிலை, ஒன்பதாம் நிலை. ஆண்டவர் மறுபடி மறுபடி விழுகிறார், ஒவ்வொரு முறையும் எழுகிறார். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது பொறுமையைத் தூய ஆவியின் கனிகளில் ஒன்றாகச் சொல்கிறார், கனி என்றால் பழுக்க நாள் பிடிக்கும்தானே என்று அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அத்தையின் முகத்தைத் துடைத்தேன். கண்ணோரம், காதுக்குப் பின்னால், மூக்குத்தி பக்கம் மெதுவாக. கண்ணை மூடிக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி முகத்தைக் காட்டினார். துடைத்து முடித்ததும், "மணி என்னம்மா?"

"எட்டேகால் அத்தை."

அன்று மூன்று புள்ளி. செவ்வாய்க்கிழமை ஐந்து. நாளை மறுபடி வெள்ளி, ஆபீஸ் பையில் செபமாலையை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.