முட்டுப் பிரிக்கும் நாள்

என் அப்பா அருப்புக்கோட்டைப் பக்கம் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டால், அடியில் நிற்கும் சவுக்கு முட்டுகளில் இரண்டு வாரத்துக்கு யாரையும் கை வைக்க விடமாட்டார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டோம் என்று வீட்டுக்காரர் கெஞ்சினாலும் அசையமாட்டார். பிரிக்கும் நாளிலும் ஒரேயடியாக உருவுவதில்லை. நடுவில் தொடங்கி, ஒவ்வொரு முட்டாகத் தளர்த்தி, ஓரத்தை நோக்கி நகர்வார். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை நிமிர்ந்து தளத்தைப் பார்ப்பார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுக்கூடத்தில் நான் செய்வதும் இதே வேலைதான். என் கட்டடங்கள் உள்ளே துளைகள் நிறைந்த படிகங்கள். அவற்றின் அறை ஒன்று ஒரு நானோமீட்டர் அகலம் இருக்கும், அவ்வளவே வேறுபாடு.

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டு, 2002 நவம்பர். துத்தநாக நைட்ரேட்டும் டெரெப்தாலிக் அமிலமும் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானில் கரைத்து, சிறு கண்ணாடிக் குப்பிகளில் மூடி, அடுப்பில் சூடாக்கிக்கொண்டிருந்தேன். டெரெப்தாலிக் அமிலம் அரிய பொருள் ஒன்றும் இல்லை. தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளே அதுதான். மூன்று மாதம் குப்பிக்குக் குப்பி கலங்கல் தூளாகவே வந்தது. ஒரு காலை, குப்பியின் அடியில் நிறமற்ற கனசதுரங்கள் உட்கார்ந்திருந்தன. முனை மழுங்காத கல்கண்டு போல, ஒவ்வொரு முகத்திலும் ஜன்னல் வெளிச்சம். மகிழ்ச்சியில் அத்தனையையும் வடிதாளில் கொட்டிவிட்டு, தோழியை அழைத்து வரப் போனேன். இருவரும் திரும்பி வந்தபோது அவை சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. ஊசியால் தொட்டேன். மாவாக உதிர்ந்தது. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

நடந்தது என்ன என்று இப்போது சொல்ல முடியும். துளைகளுக்குள் நிரம்பியிருக்கும் கரைப்பான் வெறும் நிரப்பி அல்ல. கட்டடம் எழும்பும்போது உள்ளிருந்து தாங்கும் முட்டு அது. காற்றில் வைத்ததும் அது ஆவியாகி ஓடுகிறது. ஓடும்போது பரப்பு இழுவிசையால் துளையின் சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது. போதாக்குறைக்குச் சென்னையின் மழைக்கால ஈரம் துத்தநாகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பை அறுத்துவிடுகிறது. அவசரப்பட்டு முட்டுகளை உருவியது நான்தான்.

நான் செய்ய முயன்ற பொருளுக்கு மாஃப்-5 என்று பெயர். வேதியியலாளர் ஒமர் யாகியின் குழு 1999இல் வெளியிட்டது. நான்கு துத்தநாக அணுக்கள் கொண்ட முடிச்சுகளை டெரெப்தாலேட் கம்பிகள் இணைக்கும் உலோக-கரிமச் சட்டகம். ஒரு கிராமுக்கு 2,900 சதுர மீட்டர் உட்பரப்பு என்ற எண்ணைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு வேறொரு வரி பெரிதாகப்பட்டது: உள்ளே இருந்ததை முழுக்க வெளியேற்றிய பிறகும் படிகம் படிகமாகவே நின்றது, 300 டிகிரி செல்சியஸ் வரை. அதற்கு முன்பு இப்படிப்பட்ட சட்டகங்களில் பல, உள்ளே ஆள் இருக்கும்வரை நின்று, ஆள் வெளியேறியதும் சரிந்தவை. உட்பரப்பில் யார் முதலிடம் என்ற போட்டி இன்றும் ஓயவில்லை. எனக்கு அதில் ஆர்வம் வந்ததே இல்லை. காலி செய்தபின் நிற்கிறதா என்பதுதான் என் கேள்வி.

எனக்குப் படிகம் பொறுக்கக் கற்றுத் தந்த ஆசிரியை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் படித்தவர். இயற்பியலாளர் ஜி.என்.ராமச்சந்திரன் துறைத் தலைவராக இருந்து, அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் கொலாஜன் என்ற தோல் புரதத்தைக் கொண்டு, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் அதன் முப்புரிச் சுருளமைப்பை முன்வைத்த இடம் அது. அந்தப் பெருமையை அம்மையார் வாயால் சொன்னதில்லை, கையால் காட்டினார். குப்பியிலிருந்து படிகத்தை அது வளர்ந்த கரைசலோடு ஒரு துளியாக எடுத்து, உடனே எண்ணெயில் மூழ்கடிக்க வேண்டும். நுண்ணோக்கியில் ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் இரு முனைவாக்கிகளுக்கு நடுவே மேடையைத் திருப்பினால், நல்ல ஒற்றைப் படிகம் ஒளிர்ந்து, சட்டென்று முழுவதும் ஒன்றாக அணையும். ஒரு மூலை மட்டும் பின்தங்கி அணைந்தால் அது ஒட்டி வளர்ந்த இரட்டைப் படிகம், விட்டுவிட வேண்டும். கனசதுரப் படிகங்களோ எப்போதும் இருட்டாகவே இருக்கும். அவற்றை விளிம்பின் கூர்மையை வைத்துத்தான் தேர வேண்டும். பிறகு தலைமுடியினும் மெல்லிய நைலான் வளையத்தில் ஏந்தி, 100 கெல்வின் நைட்ரஜன் காற்றோட்டத்தில் நிறுத்த வேண்டும். எண்ணெய் கண்ணாடியாக இறுகிப் படிகத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் அந்தக் காற்றோட்டத்தின் ஓரத்தில் பனி படியும்; கவனிக்காவிட்டால் எக்ஸ் கதிர்ப் படத்தில் புள்ளிகளுக்கு நடுவே பனியின் வளையங்கள் வந்துவிடும்.

அணுக்களின் இடத்தைக் கணக்கிட உதவும் அந்தப் புள்ளிகள் வந்தபின் வேறு வகைப் பொறுமை வேண்டும். சட்டகத்தின் அணுக்கள் சீக்கிரம் தெரிந்துவிடும். துளைக்குள் மட்டும் எலெக்ட்ரான் அடர்த்தி கசங்கிக் கிடக்கும். அதைக் கணக்கிலிருந்து கழித்துவிட நல்ல நிரல்கள் இருக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் முதல் நாளே அதை ஓட்டுவதற்கு என் மாணவர்களை அனுமதிப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, இரைச்சல்தான் என்று சொல்லிக்கொண்டே ஒரு தரவைக் கொண்டுவந்தாள். இருவரும் உட்கார்ந்து அந்த அடர்த்தியின் ஒவ்வோர் உச்சமாகத் தூரம் அளந்தோம். 2.8 ஆங்ஸ்ட்ராம், மறுபடியும் 2.8, அடுத்தது 2.7. அடுத்தடுத்து நிற்கும் நீர் மூலக்கூறுகளின் இடைவெளி அது. நீர் மூலக்கூறுகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு துளையின் நீளத்துக்கும் வரிசையாக நின்றிருந்தன. கழித்திருந்தால் அந்த வரிசையை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும்தான்.

2025 அக்டோபர் 8 அன்று பிற்பகல், ரிச்சர்ட் ராப்சன், சுசுமு கிடகாவா, ஒமர் யாகி மூவருக்கும் இந்தச் சட்டகங்களுக்காக வேதியியல் நோபல் என்று அறிவித்தார்கள். கூடத்தில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். ராப்சனின் கதை எனக்கு எப்போதும் நெருக்கமானது. 1974இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரி செய்ய மரப்பந்துகள் தேவைப்பட்டன. குச்சி செருகும் துளைகளை எங்கே போட வேண்டும் என்று அவர் குறித்துக் கொடுக்க, பட்டறையில் துளைத்துத் தந்தார்கள். பந்துகளைக் கோத்துப் பார்த்தபோது, துளைகளின் இடமே முழு வடிவத்தையும் தீர்மானித்துவிடுகிறது என்று அவருக்குப் பட்டது. அணுக்களும் அப்படிச் சேருமா என்று அவர் சோதித்துப் பார்க்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. தாமிர அயனியை நான்கு கை கொண்ட மூலக்கூறோடு கோத்து, வைரத்தின் அமைப்பில், ஆனால் உள்ளே பெரும் வெற்றிடத்தோடு எழுந்த படிகத்தை 1989இல் வெளியிட்டார்.

அன்றிரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். மரப்பந்து வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி: “உள்ளே தண்ணீர் இறங்கினால் தாங்குமா, தாயி?”

நாற்பது ஆண்டு தளம் போட்டவருக்கு முதலில் தோன்றுவது அதுதான். எங்கள் துறை பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வியும் அதுவே. துத்தநாகச் சட்டகங்கள் பலவும் தாங்காது, அப்பா, என்றேன். 2008இல் ஆஸ்லோவில் சிர்க்கோனியம் என்ற உலோகத்தை வைத்து யு.ஐ.ஓ.-66 என்று ஒன்றைக் கட்டினார்கள். ஒரு முடிச்சிலிருந்து பன்னிரண்டு கம்பிகள் கிளம்பும், அது தண்ணீரில் கிடந்தாலும் நிற்கும், இப்போது நானும் சிர்க்கோனியத்தில்தான் வேலை செய்கிறேன் என்றேன். பன்னிரண்டு கம்பி என்றதும் அவருக்குத் திருப்தி. முடிச்சில் கம்பி கூடினால் தளம் அசையாது என்றார்.

இந்த வாரம் ஒரு புதுப் படிகம் குப்பியில் இருக்கிறது. டைமெத்தில் ஃபார்மமைடை வடித்துவிட்டு, துளையிலிருந்து எளிதில் வெளியேறும் அசிட்டோனை ஊற்றி, நாளுக்கு மூன்று முறை மாற்றுகிறோம். இன்று நான்காம் நாள். வெற்றிடப் பம்பில் மாட்டலாமா என்று மாணவன் காலையிலேயே கேட்டான். திங்கட்கிழமை வரை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.