உப்புவெளியில் மைனஸ் தொண்ணூறு

போன கிழமை பின்னேரம், திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள உப்புவெளிக் கடற்கரையில் ஈர மணலில் கால் புதைய நின்றபடி போனில் ஒரு ஜிபிஎஸ் செயலியைத் திறந்தால், உயரம் மைனஸ் தொண்ணூறு சொச்சம் மீட்டர் என்கிறது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த மாமாவிடம் காட்டினேன். "அப்படியெண்டா நாங்கள் ரெண்டு பேரும் இப்ப தண்ணிக்குள்ளயோ தம்பி இருக்கிறம்?" என்று சிரித்தார்.

போனில் பிழை இல்லை. ஜிபிஎஸ் பூமியை மேலும் கீழும் கொஞ்சம் தட்டையான, மேடுபள்ளமில்லாத உருண்டையாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறது. கடல் அப்படி நிற்காது. ஈர்ப்பு கூடிய இடத்தில் தண்ணீர் குவியும், குறைந்த இடத்தில் தாழும். இலங்கைக்குத் தெற்கே அந்தத் தாழ்வு 106 மீட்டர் வரை போகிறது, உலகத்திலேயே பெரியது அதுதான், திருகோணமலையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது. 1948இல் இதைக் கண்டவர் வெனிங் மெய்னெஸ் என்ற நெதர்லாந்துக்காரர். அலை ஆட்டாத ஆழத்தில் ஈர்ப்பை அளக்க வேண்டும் என்று நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஊசலைக் கொண்டுபோன மனிதர்! காரணம், பூமியின் மிக ஆழத்தில் அடர்த்தி குறைந்த சூடான பாறை என்று 2023இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு சொன்னது.

சரி, இது பெரிய பள்ளம். எனக்குப் பிடித்தது சின்ன மேடுகள்தான். கடலடியில் 2,000 மீட்டர் மலை இருந்தால் அதன் பாரம் தண்ணீரை இழுத்து, மேலே கடல் இரண்டு மீட்டர் அளவு புடைக்கும். அது பல கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதால் வள்ளத்தில் போகிறவருக்குத் தெரியாது, செயற்கைக்கோளின் ரேடாருக்குத் தெரியும். மலை வண்டலுக்குள் புதைந்து கிடந்தாலும், அந்தப் புடைப்புகளை வைத்து வரையும் ஈர்ப்பு வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும், ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் எதிரொலிக் கருவி பெரும்பாலும் சேற்றின் மேல்பரப்போடு நின்றுவிடும்.

தரையிலும் இதே கதைதான். ஈர்ப்பு வரைபடங்களின் அலகு மில்லிகல், அதாவது நம் எடையில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான வேறுபாட்டில்தான் மெக்சிக்கோவின் சிக்சுலுப்பில், எண்ணெய் தேடிப்போனவர்களுக்கு 180 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. டைனோசர்களை முடித்த விண்கல் விழுந்த குழி, மேலே நின்று பார்த்தால் வெறும் சமதரை.

ஆனால் கரைக்குக் கிட்டவும் ஒடுக்கமான இடங்களிலும் செயற்கைக்கோள் தடுமாறும். நம் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலுக்குள் இறங்கும் பெரும்பள்ளத்தாக்கை அந்த வரைபடத்தில் பெருப்பித்துத் தேடினேன், மங்கலான நீலம்தான் மிச்சம். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கு உந்தப் படம் எதுக்கு, ஈயக்குண்டைக் கட்டிக் கயிறை விட்டுப்பார், கயிறு முடிஞ்சிடும்" என்றார்.