ஒப்பாரிக்கு முப்பது பவுண்டு

உலகின் தலைசிறந்த ஆல்பங்களை எப்படிக் கேட்க வேண்டும் என்று அறிவுரை எழுதுகிறவர்களில் ஒருவர்கூட கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் குடியிருந்ததாகத் தெரியவில்லை. இருட்டு அறை, தனிமை, மூடிய கண், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எழுந்திருக்கக் கூடாது என்று மண்டல விரதம் மாதிரி விதிகளை அடுக்குகிறார்கள். எங்கள் வீட்டில் இருட்டு அறை என்றால் கரன்ட் போன அறை. தனிமை என்றால் பாத்ரூம், அதுவும் வெளியே யாரும் கதவைத் தட்டாத நேரத்தில்.

ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். என் காதில் எதையாவது பார்த்தால்தான் அம்மாவுக்கு என்னிடம் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வரும். சிலிண்டர் வரவில்லை, மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும், பெரியம்மா பேத்திக்கு எப்போது மொட்டை. ஒரு காதைப் பிடுங்கி மூன்றையும் சொல்லிவிட்டு, "நீ கேளு, நான் ஒண்ணும் தொந்தரவு பண்ணலை" என்று போவாள்.

ஆபீஸ் நண்பன் ஒருவன் பெரிய பட்டியல் அனுப்பியிருந்தான், சாவதற்குள் கேட்டே ஆக வேண்டிய ஆல்பங்கள் என்று. கீழ் போர்ஷன் மைக்செட் அண்ணனிடம் இதைச் சொன்னதும் ஒரு பெரிய பாக்ஸைத் தூக்கிக்கொண்டுவந்து மொட்டை மாடியில் வைத்துவிட்டார். "சும்மா கெடந்தா எலி கடிச்சிடும் தம்பி, நீ ஓட்டிக்கினே இரு." கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்குப் போகும் பாக்ஸ் அது. மெதுவாக வைக்கிற பழக்கமே அதற்குக் கிடையாது. ஆக, நான் கேட்டதையெல்லாம் தெருவும் கேட்டது.

முதலில் இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. 1973-ல் வந்தது. ஆரம்பமே இதயத் துடிப்பு. ரொம்ப மெல்லிசாக, தூரத்தில் தொடங்கும். இரண்டு துடிப்பு கேட்டதும் அண்ணன் படியேறி ஓடி வந்துவிட்டார். "கோன் கிழிஞ்சிடுச்சா?" இல்லை, அது நெஞ்சு துடிப்பு என்றேன். பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நல்ல பேஸு" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கடிகாரங்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடைக்குப் போய், ஒவ்வொரு கடிகாரமாகத் தனித்தனியே பதிவு செய்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மணி அடிக்க விட்டிருக்கிறார். மண்டப பாக்ஸில் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எங்கள் வம்சத்தையே விசாரித்தார். அண்ணன் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். "தம்பி, இத எனக்கு அனுப்பு." அப்போதே சுதாரித்திருக்கலாம்.

அடுத்தது 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. வார்த்தையே கிடையாது. ஒரு பெண் குரல் நாலு நிமிஷத்துக்குக் கதறுகிறது, கெஞ்சுகிறது, ஓய்ந்துபோகிறது. பாதி போயிருக்கும், பக்கத்து வீட்டு ஆயா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"யாரு ஊட்ல நைனா?"

"யாரும் இல்ல ஆயா, பாட்டு."

"பாட்டா? பொம்பள வாய்வுட்டு அழுவுறா, பாட்டுன்றியே!"

ஆயா சாதாரண ரசிகை இல்லை. காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை எழவு வீட்டுக்காரர்கள் ஆள் விட்டுக் கூப்பிடுகிற ஒப்பாரிக்காரி. தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, "மொதல்லருந்து போடு" என்றாள். போட்டேன். கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டி முழுசாகக் கேட்டாள். அந்தப் பட்டியல்காரர்கள் சொன்ன மாதிரி கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

"கொரலு நல்ல கொரலு. அடிவயித்துலருந்து வர்து. ஆனா செத்தவன் யாரு, இன்னா தொயில் பண்ணான், எத்தினி புள்ளிங்கோ, ஒண்ணும் சொல்ல மாட்றாளே? வார்த்தையே இல்லாம அழுதா எவன் காசு குடுப்பான்?"

கொடுத்தார்கள் ஆயா என்று கதையைச் சொன்னேன். பாடியது கிளேர் டோரி. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுக்கு 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். வார்த்தை வேண்டாம், சும்மா பாடு என்றார்கள். பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"முப்பதுன்னா நம்ம காசுக்கு?"

"அப்போ ஐநூறு அறுநூறு ரூபா வரும்."

"டீ காபி?"

"அது தெரியலை ஆயா."

அந்த ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது, முப்பது வருஷம் கழித்து 2004-ல் அந்த அம்மா கேஸ் போட்டார், அடுத்த வருஷம் சமரசமாகி, இசையமைத்தவர்களில் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்தார்கள் என்றதும் ஆயா தொட்டியிலிருந்து எழுந்தே விட்டாள். "அது கரெக்டு! வுடக் கூடாது. எனக்கும் ஒருத்தன் பாக்கி வெச்சிக்கீறான், அப்பன் செத்து அவனுக்கே இப்ப பேரன் பொறந்துட்டான்." இப்போதெல்லாம் ஆயா ஒப்பாரியின் நடுவே ஓரிடத்தில் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் குரலை இழுக்கிறாளாம். கேட்டவர்கள் சொன்னார்கள். செல்வாக்கு மிக்க ஆல்பம் என்று பட்டியலில் போட்டிருந்தது சரிதான்.

'மணி' பாட்டு வந்தபோது கீழ்வீட்டுப் பையனும் வந்து சேர்ந்திருந்தான். எட்டாவது படிக்கிறான். கானா கச்சேரிகளில் சட்டி அடிக்கிறவர்களின் பின்னாலேயே சுற்றுவான். கல்லாப்பெட்டிச் சத்தமும் காசு கொட்டும் சத்தமும் தாளமாகச் சுழலும் இடம். அந்தக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் தன் மனைவி மண்பாண்டம் செய்ய வைத்திருந்த கிண்ணத்தில் காசைப் போட்டுப் பதிவு செய்தது அது. பையன் தொட்டி மூடியில் கூடவே தட்டினான், நின்றான், மறுபடி தட்டினான். "ண்ணா, ஒரு அடி கம்மியா கீது." அந்தப் பாட்டு ஏழு எண்ணிக்கையில் போகிறது. நம் மிருதங்கக்காரர்களுக்கு மிஸ்ர சாபு தண்ணீர் பட்ட பாடு, ராக்கில் அது அபூர்வம். நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே கிட்டார் தனி ஆவர்த்தனம் வந்து தாளம் நாலுக்கு மாறியது. "ஆங், இப்ப சரி பண்ணிட்டாங்க" என்றான்.

அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 1988 வரை இந்த ஆல்பம் மொத்தம் 741 வாரம் இருந்தது என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்டீன்னா எத்தினி ஆடி?" என்றார். கணக்குப் போட்டு, பதினாலு என்றேன். "எல்.ஆர். ஈஸ்வரி அம்மா அதுக்கு மேல ஓட்டிட்டாங்களே தம்பி." பதில் சொல்ல முடியவில்லை.

ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை (1959) ராத்திரியில் கேட்பதுதான் உத்தமம். பியானோவும் பேஸும் ரகசியம் பேசுவதைப்போல் தொடங்கும். நான் போட்ட நேரம் மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரம். டிரம்பெட் எங்கே, லாரி ஹாரன் எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குடம் தூக்கிக்கொண்டு ஓடுகிற அவசரத்திலும் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோன் காதில் விழுந்துகொண்டே இருந்தது என்பதால் அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை. ஒத்திகை என்று பெரிதாக ஒன்றும் இல்லாமல், குறிப்பு மாதிரி எழுதிய சில வரிகளை மட்டும் கையில் கொடுத்து இரண்டே அமர்வில் பதிவு செய்ததாகச் சொன்னால், பையனுக்கு ஆச்சரியமே இல்லை. எழவு வீட்டில் கானா பாடப் போகிறவர் இறந்தவர் பெயரையும் தொழிலையும் வாசலில் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பாட்டாகக் கட்டுவதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான்.

அண்ணனுக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த ஆல்பத்தின் இசைத்தட்டில் முதல் பக்கம் பல வருஷங்களுக்குக் கொஞ்சம் சுருதி ஏறிய வேகத்திலேயே விற்கப்பட்டது. பதிவு செய்த டேப் மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. ஓடவேண்டிய வேகத்தில் திருப்பிப் போட்டால் பாட்டு வேகமாகத்தானே வரும்? தொண்ணூறுகளில்தான் திருத்தினார்கள். "நாங்க வேணும்னே பண்ணுவோம். கும்பல் கலையலன்னா நிமிசத்துக்கு முப்பத்திமூணு சுத்துற பிளேட்ட நாப்பத்தஞ்சுல வுடுவோம். அஞ்சே நிமிசத்துல பந்தல் காலி."

'பெட் சவுண்ட்ஸ்' பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழு பீச் பாய்ஸ், 1966. கடைசிப் பாட்டு 'கேரலைன், நோ'வின் தொடக்கத்தில் ஒரு தாளக் கருவி ஒலிக்கும். அது என்ன என்று நான் இசைக் கட்டுரைகளில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். பையனிடம் சோதனை வைத்தேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை. "காலி தண்ணி கேன்." ஹால் ப்ளேன் என்ற பெரிய டிரம்மர் நிஜமாகவே காலி தண்ணீர் கேனைத்தான் தட்டியிருக்கிறார். "மூடிய போட்டு அடிச்சிருந்தா சவுண்டு இன்னும் நல்லா வந்திருக்கும்ணா" என்று ஹால் ப்ளேனுக்கு ஒரு யோசனையும் சொன்னான்.

அதே பாட்டின் முடிவில் ஒரு ரயில் கடந்துபோகும், இரண்டு நாய்கள் குரைக்கும். நாய்கள் அந்தக் குழுவின் பிரையன் வில்சன் வீட்டில் வளர்ந்தவை. எங்கள் மாடியில் அது முடியும் நேரத்தில் கொருக்குப்பேட்டை கேட்டில் ஹார்பர் கூட்ஸ் ஒன்று வந்து நின்றது. தெருநாய்களும் சேர்ந்துகொண்டன. அவர்கள் ரயில் அரை நிமிஷத்தில் போய்விட்டது. எங்கள் ரயில் போய் கேட் திறப்பதற்குள் இன்னொரு ஆல்பத்தைப் பாதி கேட்டுவிடலாம்.

நாய் என்றதும் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்'. பீட்டில்ஸ், 1967. ஆல்பத்தின் கடைசியில் நாய்களுக்கு நன்றாகக் கேட்கும் 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். தெருநாயைக் கூட்டிவந்து பிஸ்கட் போட்டு உட்காரவைத்துப் போட்டோம். அது கொட்டாவி விட்டது. மற்றபடி அந்த ஆல்பத்தை உலகம் கொண்டாடுகிற அளவுக்கு என்னால் கொண்டாட முடியவில்லை. கடைசிப் பாட்டு மட்டும் தெய்வம்.

பட்டியலில் இல்லாததையும் நானே ஒன்று சேர்த்தேன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?', 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்கிற்கும் சமர்ப்பணம் செய்தது. வயலின் எடுத்ததுமே அப்பா பேப்பரை மடக்கினார்.

"எந்தப் படம்?"

"படம் இல்லப்பா."

"பாட்டு யாரு?"

"பாட்டும் இல்ல, வெறும் மியூசிக்."

சற்று யோசித்தார். "படம் நின்னு போயிருக்கும். போட்ட காசுக்கு மியூசிக்கையாவது வெளியிட்டிருப்பாங்க." அப்புறம் ஒவ்வொரு உருப்படிக்கும் காட்சி சொல்ல ஆரம்பித்தார். இங்கே கதாநாயகி ரயிலேறுகிறாள், இங்கே அண்ணன் தம்பி சொத்துத் தகராறு, இந்த வயலின் வேகமாக வருகிற இடத்தில் யாரோ மாடிப்படியில் ஓடுகிறார்கள். ஆல்பம் முடியும்போது முழுநீளப் படமே தயார். இத்தனை ஆல்பங்களில் யாரும் நடுவில் எழுந்து போகாதது இதற்கு மட்டும்தான்.

இதெல்லாம் நடந்து ஆடி பிறந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிறு என்றால் ஒலிபெருக்கியின் வரிசை எழுதாத சட்டம். விடிவதற்கு முன்னால் சீர்காழியின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே', அதைத் தொடர்ந்து எல்.ஆர். ஈஸ்வரி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு பாட்டுகூட முன்னே பின்னே மாறியதில்லை. ஆல்பத்தை வரிசை மாறாமல் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றைக்கு அண்ணன் அந்தச் சட்டத்தில் கை வைத்தார். விளக்குக் கம்பத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும், விடியாத இருட்டில், ஆலன் பார்சன்ஸின் கடிகாரங்கள் அத்தனையும் ஒன்றாக அடித்தன. ஃபயர் சர்வீஸ் என்று நினைத்து ஒருவர் கைக்குழந்தையோடு வெளியே வந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஒருவர் பல் துலக்காமலே பைக்கை உதைத்தார். எதிர் வீட்டுக்காரர் இந்த முறை ஜன்னலோடு நிற்கவில்லை, இறங்கியே வந்துவிட்டார்.

விழாக்குழுத் தலைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணனிடம் போனார். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் மொட்டை மாடியை நோக்கி விரலை மட்டும் நீட்டினார். கூட்டத்திலிருந்து ஆயா, "அத்த வுடு, அந்தப் பொம்பள அழுவுமே, அத்த ஒருவாட்டி போடச் சொல்லு" என்றாள். "நல்ல நாளும் அதுவுமா எழவுப் பாட்டா!" என்று தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குக் கிடைத்த தண்டனை கூழ் கிண்டுவது. ஆள் உயர அண்டா, கைக்கு அடங்காத துடுப்பு, கண்ணில் புகை. பையன் பக்கத்தில் காலி கேனைக் கவிழ்த்துப்போட்டு, எனக்குத் துணையாக ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டிருந்தான். நானும் அந்தக் கணக்கிலேயே துடுப்பைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் விட்டுப்போனது.

"டேய், நாலா அடிடா," என்றார் தலைவர். "கூழு அடிபுடிக்குது."