துளை போடாமல் ஏறிய நம்பர் பிளேட்

என் மாஸ்டா மியாட்டா காரின் முகப்பில் இன்று நம்பர் பிளேட் ஏறிவிட்டது. பம்பரில் ஒரு துளைகூடப் போடவில்லை!

கலிபோர்னியாவில் முன்னும் பின்னும் பிளேட் இருக்க வேண்டும் என்பது சட்டம். பக்கத்து அரிசோனாவில் பின்னால் மட்டும் இருந்தால் போதும். ஒஹாயோகூட 2020 ஜூலையில் முன்பக்க பிளேட்டைக் கைவிட்டுவிட்டது. எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கார் விற்றவர், பம்பரின் நடுவில் துளையிட்டு மாட்டித் தருவதாகச் சொன்னார். மனம் கேட்கவில்லை. அந்த வளைவுக்காகத்தானே இந்தக் காரையே வாங்கினேன்!

பழுதான காரை இழுக்கும் கொக்கியை மாட்டுவதற்காக முன் பம்பரில் சின்ன மூடி ஒன்று உண்டு. துணி சுற்றிய பிளாஸ்டிக் தகட்டால் மெல்ல நெம்பினேன், கழன்று வந்தது. உள்ளே மரையிட்ட துளை. அதில் ஒரு தண்டைத் திருகி, அதன் முனையில் பிளேட்டுக்கான தாங்கியைப் பொருத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து இறுக்கினேன். கை சறுக்கினால் பெயின்ட் போய்விடுமே என்று சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தேன். திருகு தளராமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு வாஷரை மட்டும் மறந்துவிடாதீர்கள். பிளேட் ஊசலாடக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

பின்பக்க வேலை ஐந்தே நிமிடம். ஆனால் இரவில் 50 அடி தூரத்திலிருந்து எண் தெளிவாகத் தெரிய வேண்டும். இருட்டியதும் விளக்கைப் போட்டுவிட்டு, மகளைத் தள்ளி நிற்கவைத்து வாசிக்கச் சொன்னேன். ஓர் எழுத்து விடாமல் வாசித்துவிட்டாள்.