சாய்த்துப் பார்த்தால் காகிதமும் கண்ணாடிதான்

நேற்று இரவு சும்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்து, விளிம்பு வழியே எதிரே இருந்த மேசை விளக்கைப் பார்த்தேன். தாளின் மேல் விளக்கொளி நீளமாக இழுத்துவிட்டதுபோல் பளபளத்தது. கொஞ்சம் சாய்வை மாற்றினேன், காணோம். வெறும் வெள்ளைத் தாள்.

சொரசொரப்பான பரப்பில் ஒளி சிதறும், வழவழப்பானதில் ஒழுங்காகத் திரும்பும் என்று பள்ளியில் படித்தோம். சரிதான், ஆனால் எவ்வளவு மேடுபள்ளம் இருந்தால் சொரசொரப்பு? விரலால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. இயற்பியலாளர் ராலே சொன்ன கணக்குப்படி, ஒளி நேர்செங்குத்தாக விழும்போது மேடுபள்ளத்தின் உயரம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் அது வழவழப்பு. பச்சை ஒளிக்கு இது சுமார் 70 நானோமீட்டர், தாளெல்லாம் கிட்டக்கூட வராது. ஆனால் ஒளி பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி சரிந்து வந்தால் அந்த வரம்பு தளர்ந்துவிடும். செங்குத்திலிருந்து 85 டிகிரி சாய்வில் பதினோரு மடங்குக்கு மேல். தாள் மாறவில்லை, ஒளி வந்த கோணம்தான் மாறியது. அலைநீளம் கூடினாலும் இதே கதைதான், அதனால்தான் வெறும் கம்பிவலையில் செய்த டிஷ் ஆன்டெனா ரேடியோ அலைக்கு நல்ல கண்ணாடியாக வேலை செய்கிறது.

சரி, முழுக்கச் சிதறினால்? எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே பிரகாசமாகத் தெரிகிற பரப்பைப் பற்றிக் கணிதவியலாளர் லாம்பர்ட் 1760லேயே எழுதிவிட்டார். கணினி வரைகலைக்காரர்கள் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள். களிமண் பானை மாதிரியான பொருளுக்கு அது ஒத்துவரவில்லை என்று கணினி ஆய்வாளர்கள் ஓரனும் நாயரும் 1994ல் அதைத் திருத்தினார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் நிலா. லாம்பர்ட் கணக்குப்படி முழு நிலா நடுவில் பளிச்சென்றும், வெயில் சரிந்து விழுகிற ஓரத்தில் மங்கியும், பந்து மாதிரி தெரிய வேண்டும். தெரிவதோ தட்டு. அங்குள்ள தூசியும் குழிகளும் வெளிச்சத்தை வந்த வழியிலேயே அதிகமாகத் திருப்பி அனுப்புகின்றன. பௌர்ணமியன்று சூரியன் நமக்குப் பின்னால் இருப்பதால், அங்கே ஒவ்வொரு துகளின் நிழலும் அந்தத் துகளுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகிறது. அரை நிலாவில் அந்த நிழல்களெல்லாம் நம் கண்ணுக்கு வந்துவிடும். அப்போது பாதி வட்டம் ஒளிர்ந்தாலும், வெளிச்சம் பௌர்ணமியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.