புர்குட் வந்து உட்கார்ந்த கை

கிர்கிஸ்தானில் இசிக்-குல் ஏரியின் தென்கரையில் இருக்கும் பொக்கோன்பாயேவோ என்ற ஊருக்கு நான் போனதே கழுகைப் பார்க்கத்தான். தலைநகர் பிஷ்கெக்கில் காலையில் மர்ஷ்ருத்கா ஏறினால் (நம்ம ஊர் ஷேர் வேன் மாதிரி) பாலிக்சி வழியாக மதியத்துக்குள் போய்விடலாம், பாலிக்சியைத் தாண்டினால் இடது பக்கம் ஏரி கூடவே வரும்.

கிர்கிஸ் மொழியில் பொன்னாங்கழுகுக்குப் பெயர் புர்குட். அதை வைத்து வேட்டையாடுகிறவர் புர்குட்சு. நான் பார்த்த புர்குட்சுவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைக் கம்பளிக் கல்பாக் தொப்பி, அதிகம் பேசாத மனிதர். கூட வந்த டிரைவர் தம்பி அவரை "பைக்கே" என்று கூப்பிட்டார், அண்ணன் என்று அர்த்தமாம், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

கழுகு ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தது. பெண் கழுகு. வேட்டைக்குப் பெண்ணைத்தான் விரும்புவார்கள், ஆணைவிட நன்றாகவே பெரிது, பலமும் அதிகம். தலையில் கண்ணை மறைக்கும் தோல் குல்லாய், அதற்குத் தொமோகோ என்று பெயர். தடித்த தோல் கையுறையை மாட்டிவிட்டு என் கையில் ஏற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தோள்பட்டை வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஐந்தாறு கிலோ இருக்கும், அதுவும் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். குதிரையில் போகும்போது இதற்காகவே சேணத்தில் கவட்டை மாதிரி ஒரு மரத்தாங்கி உண்டு, பல்தாக் என்பார்கள். அது இல்லாமல் நாள் முழுக்க மலையில் சுற்ற எந்தக் கையாலும் முடியாது.

அப்புறம் தொமோகோவைக் கழற்றினார். பழுப்பும் மஞ்சளும் கலந்த கண், அது என்னைப் பார்க்கவே இல்லை, எனக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்தது. விரல் தொடங்கும் இடம் வரை காலை மூடியிருந்த மென்மையான இறகும், அதற்குக் கீழே கையுறையை அழுத்திய கறுத்த நகமும் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன.

உயிருள்ள முயலை விட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தப்ப வழியில்லாத முயலைத் துரத்துவதை வேட்டை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நரித்தோலைக் கயிற்றில் கட்டிக் குதிரைக்குப் பின்னால் இழுத்தார்கள். குன்றின் உச்சியிலிருந்து கழுகு இறங்கிய வேகத்தில் சிறகு அடிக்கிற சத்தமே கேட்கவில்லை, தோலில் நகம் பதிந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பைக்கே குரல் கொடுத்துக் கறித்துண்டை நீட்டியதும் அவர் கைக்கே வந்து உட்கார்ந்தது.

நிஜ வேட்டை குளிர்காலத்தில். நரியின் ரோமம் அப்போதுதான் அடர்த்தியாக இருக்கும், பனியில் தடமும் தெரியும். புறப்படும் முன் கழுகுக்குத் தீனியைக் குறைத்து எடையைச் சரியாக வைத்திருக்க வேண்டும். வயிறு நிறைந்தால் அது வேட்டைக்கு இறங்காது, ரொம்பப் பட்டினி போட்டால் பலமே இருக்காது. அந்த அளவைக் கண்டுபிடிப்பதில்தான் புர்குட்சுவின் திறமை முழுக்க இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கழுகின் நெஞ்சைத் தடவிப் பார்த்தே பைக்கே அதைச் சொல்லிவிடுகிறார்.

பல வருஷம் வேட்டையாடிய கழுகை மலையில் விட்டுவிடுவது இங்கே வழக்கம், ஜோடி சேர்ந்து குஞ்சு பொரிக்கட்டும் என்று. இதை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். இன்னும் இரண்டு குளிர்காலம் என்றார், தெற்கே பனி மூடிக் கிடந்த தெஸ்கெய் ஆலா-தோ மலையைக் காட்டி. ரொம்ப தூரம் கொண்டுபோய் விட வேண்டுமாம், பக்கத்தில் விட்டால் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுமாம். சொல்லிவிட்டுத் தொமோகோவை மறுபடி மாட்டி, வாரைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.